நாகர் வழியும் தீவக மாந்தரும்

ஒரு மக்கட் கூட்டத்தார் தம்மை யாவரென்று கூறிக்கொள்கின்றனர் என்பதும், அவர்தம் முன்னோர் யாவர் என்பதும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் வினாக்களேயாயினும் அவை ஒன்றல்ல. முன்னையது உரிமை பற்றியது. பின்னையது பிறப்புப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலாற் பூசல்கள் பல விளைந்துள்ளன. பூர்வகுடிகள் என்னும் சொல் வழங்குமிடமெல்லாம் இம்மயக்கம் உடன் வழங்குதலைக் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகள் இதனை ஆராய்தற்கு ஏற்ற களமாக அமைந்துள்ளன.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றை ஒருங்கே தீவகம் என வழங்குவர். இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர் ஒல்லாந்தர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் பெயரே பெரிதும் நிலைத்தது. ஏனையவை ஏட்டளவில் ஒடுங்கின. பிறர் இடும் பெயர் ஒட்டுவதும் உண்டு, உதிர்வதும் உண்டு என்பதற்கு இஃதோர் எளிய சான்று. ஒல்லாந்தர் வருகைக்குப் பன்னூறாண்டு முன்னரே பிறர் இட்டு, இன்றளவும் உதிராது நிற்கும் பெயரொன்று இத்தீவுகளுக்கு உண்டு. அதுவே நாகர் நாடு என்பது.

நாகரைப்பற்றிய செய்திகள் பாளி நூலாகிய மகாவமிசத்திலும் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும் காணப்படுகின்றன. புத்தர்பிரான் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு எழுந்தருளி, மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றன் பொருட்டு விளைத்த போரைத் தணித்தார் என்பது மகாவமிசக் கதை. இருவரும் மாமனும் மருகனும் ஆவர். மணிமேகலையும் இதனையொத்த செய்தியைக் கூறும். மணிபல்லவம் என்னும் தீவில் அமைந்த பீடிகை ஒன்றைக் குறித்து நாக மன்னர் இருவர் பொருதனர் என்றும், புத்தர் அறமுரைத்து அவர்தம் பகையை ஒழித்தார் என்றும் அக்காப்பியம் இயம்பும். இம்மணிபல்லவம் நயினாதீவே என்பர் ஒரு சாரார். குடாநாட்டின் வேறிடம் என்பர் பிறிதொரு சாரார். முதலியார் செ. இராசநாயகம் 1926-இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூல் இவ்வாராய்ச்சியைக் கற்றோரிடைப் பரப்பிய பெருமையுடையது.

மணிமேகலையில் நாகர் ஒரே தன்மையராகக் காட்டப்படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஓரிடத்தில் அவர் முடியுடை மன்னர். வளைவணன் என்னும் நாக மன்னனின் மகள் பீலிவளை சோழ வேந்தனைக் காதலித்து மைந்தனைப் பெறுகின்றாள். பிறிதோரிடத்தில் அவர் ஆடையின்றி மலையில் வாழும் ஊனுண்மக்கள். கலமுடைந்து அம்மலைப்பக்கம் ஒதுங்கிய சாதுவன் என்னும் வணிகனை அவர்கள் கொன்று தின்ன முற்படுகின்றனர். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கின்றான். ஆகவே, நாகர் என்பது ஒரு குலத்தின் பெயராக மட்டுமன்றி, தமக்கு அயலாராய்த் தோன்றிய பலரையும் சுட்ட வழங்கிய பொதுப்பெயராகவும் இருந்ததென்பது புலனாகும். இந்நூல்களை இயற்றியோர் நாகரல்லர். நாகர் தம்மை என்ன பெயரால் அழைத்தனர் என்பதற்கு இந்நூல்களில் விடையில்லை.

இலக்கியத்துக்குப் புறம்பான சான்றுகளும் உள. கி. பி. 2-ஆம் நூற்றாண்டினராகிய கிரேக்க அறிஞர் தொலமி இலங்கையின் மக்களைக் கூறுமிடத்து 'நாகதீபோய்' என்றொரு கூட்டத்தாரைக் குறிப்பிடுகின்றார். பருத்தித்துறையை அடுத்த வல்லிபுரத்தில் 1936-இல் கிடைத்த பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை ஆண்ட அமைச்சன் ஒருவனைக் குறிக்கின்றது. வல்லிபுரம் குடாநாட்டின் வடகீழ்க் கரையில் உள்ளது. எனவே, அக்காலத்தில் நாகதீபம் என்றது நயினாதீவை மட்டுமன்று, வடபகுதி முழுவதையுமே என்பது பொருத்தமாகும். பெரும்பரப்பைக் குறித்த பெயர் காலப்போக்கிற் சுருங்கி, வழிபாட்டுச் சிறப்பால் ஒரு சிறு தீவைப் பற்றிக்கொண்டது. இன்று சிங்களத்தில் அத்தீவு நாகதீப, தமிழில் நயினாதீவு. புத்த விகாரையும் நாகபூஷணி அம்மன் ஆலயமும் ஒரே தீவில் உள்ளன. புங்குடுதீவுக் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து செல்லும் படகுகளில் இரு சாரார் யாத்திரிகரும் ஒருங்கே ஏறியமர்கின்றனர்.

இவ்விடத்திலேயே பூசல் தொடங்குகின்றது. நாகர் புத்த சமயத்தைத் தழுவினர். ஆதலால் நாகதீபம் சிங்களவர்க்குரியது என்பது ஒரு வாதம். நாகர் பண்டைத் தமிழரே. ஆதலால் அது தமிழர்க்குரியது என்பது எதிர்வாதம். இரண்டும் பிற்காலப் பெயர்களை முற்காலத்தார்மீது ஏற்றிச் சொல்பவை. புத்த சமயம் சிங்களவர்க்கே உரியது என்ற கொள்கைக்கு மணிமேகலையே மறுப்பாகும். அது தமிழ்ப் புலவரொருவர் தமிழ் மக்கட்குப் பாடிய புத்த காப்பியம். கந்தரோடையிலும் நெடுந்தீவிலும் காணப்படும் புத்த சமயச் சின்னங்கள், அவற்றை வழிபட்டோர் எம்மொழியினர் என்பதைத் தாமே உரைக்கமாட்டா. இனி, நாகர் அனைவரும் தமிழரே எனின், சாதுவன் பிறமொழி பயின்று உயிர் தப்பிய கதைக்கு என் செய்வது?

பெயர்களை நோக்கினும் இதுவே புலப்படும். சங்கப் புலவருள் முடிநாகராயர், இளநாகனார் என்போர் உளர். அநுராதபுரத்து அரசருள் சோரநாகன், இளநாகன் என்போர் உளர். இலங்கையின் பழைய பிராமிச் சாசனங்களில் நாகன் என்னும் பெயர் மலிந்து காணப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் நாகலிங்கம், நாகமுத்து, நாகம்மா, நாகேசுவரி என்னும் பெயர்கள் வழிவழியாக வழங்கிவருவன. ஆகவே நாகர் மரபு ஒருவர் கையில் மட்டும் தங்கியதன்று. இரு மொழியினரிடத்தும் அது பிரிந்து சென்று கலந்துள்ளது.

இக்கலப்பினை வரலாற்று முறையில் விளக்கியவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. 1980-களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட அகழ்வில், பழைய ஈமக்குழியொன்றிலிருந்து முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வரியிற் பிராமி எழுத்துகளும் மற்றொரு வரியிற் பொருள் விளங்காத குறியீடுகளும் உள்ளன. எழுத்தறியாக் காலத்துக் குறியும் எழுத்தறிந்த காலத்து வரியும் ஒரே முத்திரையில் அருகருகே நிற்றல் சிந்திக்கத்தக்கது. ஒரு மக்கள் மறைந்து மற்றொரு மக்கள் அவ்விடத்தில் வந்து குடியேறியதைவிட, இருந்த மக்களே புதிய எழுத்தையும் மொழியையும் கைக்கொண்டமையை அது நினைப்பூட்டும். இந்திரபாலா 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூலிலே, இலங்கையின் தமிழரும் சிங்களவரும் பெருந்தொகையாகக் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என்பதைவிட, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தே இங்கு வாழ்ந்த மக்கள் மொழிமாற்றத்தினாலும் பண்பாட்டுக் கலப்பினாலும் இரு இனத்தவராக உருப்பெற்றனர் என்னும் கருத்தை நிறுவ முற்பட்டார். இக்கருத்தின்படி, பூர்வகுடிகள் அழிந்துபோன பிறர் அல்லர். இன்றைய தமிழரும் சிங்களவரும் தம்முள்ளே சுமந்து நிற்கும் முன்னோர் ஆவர்.

அங்ஙனமாயின், தீவக மாந்தர் நாகர் வழியினர் என்று சொல்லலாமோ எனின், சொல்லலாம். ஆயின் அச்சொல் ஓர் உறுதிப் பத்திரம் அன்று. அவர்தம் குடிவழியில் வேறு பல ஊற்றுகளும் வந்து கலந்துள்ளன. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என வழங்கும் இடிபாடுகளைத் தொல்லியலார் பழைய தூபிகளின் எச்சங்கள் என்பர். அவ்வூரவர் அவற்றை முக்குவர் தலைவனான வெடியரசனின் கோட்டை என்றே கூறிவருகின்றனர். நாகபூஷணி அம்மன் ஆலயத்துத் தலக்கதை, பூவைக் கவ்வி நீந்திவந்த நாகத்தையும் அதனை மறித்த கருடனையும் சோழநாட்டு வணிகனையும் ஒருங்கே கொண்டது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையோ நாட்டின் பெயர்க்காரணத்தை யாழ்வாசித்துப் பரிசில் பெற்ற அந்தகக் கவிஞனொருவனின் வருகையோடு இயைக்கின்றது. பூர்வகுடி, குடியேறியவன், வணிகன், படைத்தலைவன் ஆகிய அனைவரும் இக்கதைகளில் இடம் பெறுகின்றனர்.

இவற்றுள் மிகத் தெளிவான சான்று நயினாதீவிலேயே கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளது. பொலனறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. சிங்கள வேந்தனின் அவ்வாணை தமிழில் அமைந்துள்ளது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையின் நான்கில் ஒரு கூறு அரசுக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடையின் செம்பாதியாகப் பகிரப்படும் என்றும் அது விதிக்கின்றது. வந்தவன் எவன் வழியினன் என்று அச்சாசனம் வினவவில்லை. அவனுக்கு எம்முறை செய்யவேண்டும் என்றே வினவியது. எண்ணூறு ஆண்டுகட்கு முன் இத்தீவுகளில் நிலவிய இந்நெறி, இன்றைய வாதங்களினும் மேம்பட்டதாகத் தோன்றுகின்றது.

தீவக மக்களின் உரித்துணர்வு எதனால் ஆயது என்பதையும் அண்மைக்கால வரலாறு காட்டும். 1990-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் போரினால் தீவகத்தார் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறி வாழ்வோர் பலர். அயல்நாட்டிற் பிறந்த அவர்தம் பிள்ளைகள் கடலை மிதித்தறியாராயினும், தம்மூர் எதுவெனின் புங்குடுதீவு என்றும் நெடுந்தீவு என்றும் கூறுகின்றனர். ஆனி மாதப் பெருவிழாவுக்கு நயினாதீவை நாடி வருகின்றனர். அவர்களை ஊரோடு பிணிப்பது குருதியாராய்ச்சி அன்று. ஊர்ப்பெயரும், குலதெய்வமும், உறவு முறையும், திரும்பத் திரும்பச் செய்யும் நோன்புமே ஆம். 'நான் இவ்வூரவன்' என்ற அவர்தம் சொல்லை எவரும் மறுப்பதில்லை. அதற்குச் சான்று கேட்பாருமில்லை.

ஆயின், அதே சொல்லைச் சொல்லிச் சான்று கேட்கப்படும் மக்களும் ஈழநாட்டில் உளர். அவர்களை நாடுதற்கு வெடியரசன் கதையே வழிகாட்டும். கண்ணகியின் காற்சிலம்புக்கு நாகமணி கொணரச் சென்ற மீகாமன் வெடியரசனோடு பொருத வரலாறு, கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்பெறும் கண்ணகி வழக்குரையில் இடம்பெறுகின்றது. வடக்குத் தீவுகளின் கதை கீழ்க்கரையில் வாழ்கின்றது. அக்கீழ்க்கரையிலேதான், மட்டக்களப்பைச் சார்ந்த வாகரைப் பகுதியிலும் திருகோணமலையைச் சார்ந்த மூதூர், வெருகற் பகுதிகளிலும், தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர்.

விசயனுக்கும் குவேனிக்கும் பிறந்த மக்கள் மலைநாட்டுக்கு ஓடிப் புளிந்தர் எனப் பெருகினர் என்று மகாவமிசம் கூறும். அப்புளிந்தரை வேடரோடு இயைத்துக் கூறுவர் ஆராய்ச்சியாளர். செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட 'வேடர்' என்னும் ஆங்கில நூல் கரையோர வேடரையும் விரித்துரைக்கின்றது. காட்டிலே தேனெடுத்தும், சேனைப்பயிர் செய்தும், களப்பிலும் கடலிலும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்தம் மொழி தமிழாயிற்று. தெய்வங்களும் சடங்குகளும் தனித்தன்மையோடு நின்றன. 2004-ஆம் ஆண்டின் கடல்கோளும், 2006, 2007-ஆம் ஆண்டுகளில் வாகரையில் நிகழ்ந்த போரும் அப்பகுதியையே அலைத்தன.

இவர்தம் நிலையைக் குடிசன மதிப்புகள் உள்ளவாறு காட்டுகின்றன. 1911-இல் இலங்கை முழுவதிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடராகப் பதியப்பட்டனர். 1953-இல் அத்தொகை 803. 1963-இல் ஏறத்தாழ 400. பின்னர் அவர்கள் ஏனையோர் என்னும் பிரிவினுள் அடங்கினர். 2012-ஆம் ஆண்டு மதிப்பின் இனப்பட்டியலில் பறங்கியர், மலாயர், செட்டிகள், பரதவர் ஆகிய சிறு தொகையினருக்கும் தனியிடம் இருந்தது, வேடருக்கு இருந்திலது. ஐயாயிரம் பேரும் மடிந்தனர் என்பது இதன் பொருளன்று. தமிழ் பேசியவர் தமிழராகவும், சிங்களம் பேசியவர் சிங்களவராகவும் எண்ணப்பட்டனர். வேடர் என்னும் சொல் இழிவுப் பொருளில் வழங்கியமையால், அப்பெயரைத் தாமே மறைத்தவரும் உண்டு. மக்கள் இருக்க, பெயர் மட்டும் மறைந்தது.

நாகர் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் நிலைத்தது. அப்பெயர் தாங்கிய தனிக்கூட்டம் இல்லை. அவ்வாறிருந்தும் நாகர் வழி என்பது பெருமையாகப் பேசப்படுகின்றது. 'நீ தமிழ் பேசுகின்றாய், கோயிலுக்குச் செல்கின்றாய், நெல் விளைக்கின்றாய். ஆதலால் நீ வேடன் அல்லை' என்று கீழ்க்கரையானிடம் கூறுவோர், அதே அளவுகோலைத் தம்மீது வைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழ் பேசுதல் வேடன் வழியை அறுக்குமாயின், அது நாகர் வழியையும் அறுக்கும். நாகர் வழியை அறுக்காதாயின், வேடன் வழியையும் அறுக்காது. அரசர் கதையோடு ஒட்டிய தொன்மையைப் போற்றுதலும், வறுமையோடு ஒட்டிய தொன்மையை ஐயுறுதலும் ஆராய்ச்சி நெறி ஆகா.

உலக அரங்கில் இவ்வினாவுக்கு ஒரு விடை காணப்பட்டுள்ளது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1989-ஆம் ஆண்டு 169-ஆம் உடன்படிக்கை, ஒரு கூட்டத்தார் தம்மைப் பூர்வகுடிகளெனத் தாமே உணர்தலை அடிப்படை அளவைகளுள் ஒன்றாகக் கொண்டது; இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2007-ஆம் ஆண்டு புரட்டாதித் திங்களில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது, இலங்கை அதற்குச் சார்பாக வாக்களித்தது. யப்பானின் வடதீவில் வாழும் ஐனு மக்கள், 1899-ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் 'முன்னாட் பூர்வகுடிகள்' எனப் பெயரிடப்பெற்று, தம் மொழியையும் வழக்கங்களையும் கைவிடுமாறு நெருக்கப்பட்டனர். ஏறத்தாழ நூற்றுப்பத்தாண்டு கழித்து, 2008-இல், யப்பானியப் பாராளுமன்றம் அவர்களைப் பூர்வகுடிகளென ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2019-இல் அது சட்டமாயிற்று. அவர்களுட் பலர் அப்போது யப்பானிய மொழியே பேசினர். மொழி மாறினமை அவர்தம் உரிமையை அழித்ததாகக் கருதப்படவில்லை.

சைவ மக்களுக்கு இவ்வுண்மையைப் பிற நாட்டிலிருந்து கற்கவேண்டிய தேவையும் இல்லை. அறுபத்துமூன்று நாயன்மாருள் கண்ணப்பர் வேடர் குலத்தவர். அவர் படைத்த ஊனைக் கண்டு மனம் வருந்திய சிவகோசரியாருக்கு, அவ்வன்பின் பெருமையை இறைவனே உணர்த்தினான். வேடர் தலைவன் வளர்த்த மகள் வள்ளி. அவளை முருகன் நாடிச் சென்று மணந்தான். கதிர்காமத்துக் கப்புறாளைமார் வேடர் வழியினர் என்பது மரபு. திருக்கோயிலில் வேடனைத் தொழுது, வெளியே வந்து அவன் வழியினனை இகழ்வது சமயநெறிக்கும் பொருந்தாது.

எனவே, தொன்மை என்பது பிறரை விலக்குதற்குரிய வேலியன்று. நாகதீபத்தின் பழைமை தமிழருக்கும் உரியது, சிங்களவருக்கும் உரியது. ஒருவர் உரிமை மற்றவர் உரிமையைக் குறைக்கமாட்டாது. தீவகத்தார் தீவகத்தாராய் இருப்பதற்கு நாகரின் முடியும் வேண்டா, மணியாசனமும் வேண்டா; அவர்கள் அம்மண்ணில் வாழ்ந்தமையும் வாழ்கின்றமையும் போதும். அதே நீதி கீழ்க்கரை வேடருக்கும் உண்டு. வரலாறு பயிற்றும் ஆசிரியர் நாகரைப்பற்றிக் கூறும் வகுப்பிலேயே, மறைந்த பெயரொன்றைப் போற்றும் மாணவர், மறையாத மக்களையும் அறியுமாறு வேடரைப்பற்றியும் கூறுதல் வேண்டும். இனி எடுக்கப்படும் குடிசன மதிப்புகளில், தம்மை வேடரென்று கூறுவோரின் விடையை அவர் கூறியவாறே பதிதலும் வேண்டும். பெயரை மாற்றி எழுதும் எழுதுகோல் ஒரு கூட்டத்தாரின் வரலாற்றையும் உடன் மாற்றி எழுதிவிடும்.